ரொம்பச் சுத்தமாக வந்த சாம்பிள்

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் ஒரு சந்தேகப் பிராணி. கிள்ளான் பாசாரில் மீன் வாங்கப் போனால் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மீன்காரர் முகத்தையும் ஒரு தரம் பார்ப்பேன். "கட்டிக்கிறதுக்கு முன்னாடி என்னையும் லேப்புக்கு அனுப்பித்தான் பார்த்திருப்பா" என்று என் வீட்டுக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். கிடங்கில் எனக்கு சி.ஐ.டி. என்று பெயர். என் கார் கேட்டுக்குள் நுழைந்ததும் "வந்துட்டாங்க லா" என்று ஒரு குரல் கேட்கும், தூங்கிக்கொண்டிருந்தவன் எழுந்து துடைப்பத்தைத் தேடுவான். நிலக்கடலை, மிளகாய், சோளம் என்று இறக்குமதி செய்கிற இடத்தில் தரம் பார்க்கிறவருக்கு இந்தக் குணம் இருந்தே ஆக வேண்டும். உங்களிடம் இல்லையென்றால் வரவழைத்துக்கொள்ளுங்கள்.

பூஞ்சணத்தைப் பற்றி நான் பாடம் நடத்தப் போவதில்லை. அதை நீங்கள் பரீட்சை எழுதிவிட்டு வந்திருக்கிறீர்கள். எல்லாரும் கெட்ட ரிப்போர்ட்டைத்தான் சந்தேகிக்கிறார்கள். இன்னொரு தரம் பாரு, மிஷின் சரியில்லை, லேப்புப் பையன் தூங்கியிருப்பான் என்பார்கள். நல்ல ரிப்போர்ட் வந்தால் ஒருவரும் வாயைத் திறப்பதில்லை. நான் சொல்ல வந்தது அப்படி ஒரு நல்ல ரிப்போர்ட்டைப் பற்றி.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு, தீபாவளி நெருங்கும் நேரத்தில், எங்கள் கிடங்குக்குக் கண்டெய்னரில் நிலக்கடலை வந்தது. அந்த முறை எனக்கு ஆரம்பத்திலிருந்தே மனசு சரியில்லை. விளைந்த ஊரில் கடலை முற்றுகிற நேரம் மழையே இல்லாமல் நிலம் வெடித்துக் கிடந்திருக்கிறது. செடியைப் பிடுங்கிக் காயப் போட்ட பிறகு கொட்டித் தீர்த்திருக்கிறது. அனுப்பியவரே போனில் தன் கஷ்டத்தைச் சொல்லி அழுதபோது இதையும் சொன்னார். வறட்சியில் வாடிய கடலைக்குள் பூஞ்சணம் நிலத்திலேயே புகுந்துவிடும். ஈரமும் சேர்ந்தால் அதற்குக் கொண்டாட்டம். போதாக்குறைக்குக் கடல் பயணத்தில் கண்டெய்னரின் கூரை வேர்த்துச் சொட்டும். கதவைத் திறந்ததும் அடைத்து வைத்த அலமாரி வாடை அடித்தது.

ஆனால் லேப்பிலிருந்து வந்த ரிப்போர்ட் முத்து மாதிரி இருந்தது. பூஞ்சண நஞ்சு கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஆபீசில் எல்லாரும் சிரித்த முகமாக இருந்தார்கள். நான் மட்டும் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பாஸ் வந்து பார்த்தார். நல்ல மனிதர், ஆனால் தீபாவளி மாதத்தில் அவருக்கு இரத்த அழுத்தம் ஏறிவிடும்.

"என்னம்மா, இன்னும் சைன் பண்ணலையா?"

"யோசிக்கிறேன் பாஸ்."

"ரிப்போர்ட் கிளீன். ஈரப்பதமும் சரியா இருக்கு. இன்னும் என்ன வேணும் உனக்கு, ஜாதகமா? நாளைக்குக் காலைல லோரி வருது லா."

லோரி கம்போங் மேடானுக்குப் போக வேண்டியது. அங்கே ஒரு அக்கா கடலை மிட்டாய் செய்து பள்ளிக்கூடக் கேன்டீன்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதாவது, நான் கையெழுத்துப் போட்டால் அந்த மூட்டைகள் நேராகச் சின்னப் பிள்ளைகளின் வாய்க்குள் போகும். வறுத்தால் இந்த நஞ்சு முழுசாகச் செத்துவிடாது. ஒரே நாளில் ஆளைச் சாய்க்காது. கல்லீரலைப் பிடித்துக்கொண்டு வருஷக் கணக்கில் காத்திருக்கும். இதைத் தெரிந்துகொண்டு எப்படிச் சும்மா பேனாவை எடுப்பது?

"சாயந்திரம் வரைக்கும் டைம் கொடுங்க பாஸ்" என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

சந்தேகப்பட எனக்கு ஆளுக்குக் குறைச்சலே இல்லை. முதலில் அனுப்பியவர் மீது. நல்ல மூட்டையைக் கதவுப் பக்கம் அடுக்கி, மட்டமானதை உள்ளே தள்ளியிருப்பாரோ? போய்ப் பார்த்தேன். எங்கள் ஆட்கள் கடைசி மூட்டை வரை குத்தூசி போட்டுத்தான் எடுத்திருந்தார்கள். அடுத்தது, சாம்பிளைக் கொண்டுபோன டிரைவர் மீது. பையின் முத்திரை உடையாமல் போய்ச் சேர்ந்திருந்தது. கடைசியில் லேப்புக்கே போன் போட்டேன். அங்கே ஒரு பெண், கெட்டிக்காரி, என் தொல்லைக்குப் பழக்கப்பட்டவள்.

"என்ன ஆன்டி நீங்க! கெட்டதா வந்தாலும் திட்றீங்க, நல்லதா வந்தாலும் திட்றீங்க. எப்படித்தான் வரணும்?"

"வேற கம்பெனி சாம்பிளோட மாத்திட்டீங்களா?"

"மாத்தவே முடியாது ஆன்டி. உங்க சாம்பிளை நான் தூரத்துலேர்ந்தே கண்டுபிடிச்சிருவேன். மத்தவங்க அனுப்புறதுல மண்ணு இருக்கும், தோல் இருக்கும், சொத்தை இருக்கும். உங்களது கல்யாண வீட்டுக்கு அனுப்பினது மாதிரி அழகா இருக்கும்."

அவள் பாராட்டாகத்தான் சொன்னாள். நான் போனை வைத்துவிட்டேன். மழையில் நனைந்த ஊரிலிருந்து வந்த கடலை எப்படி அழகாக இருக்கும்?

சாம்பிள் அறையில் வேலை பார்த்தவன் வேலு. காப்பாரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவான். நெற்றியில் திருநீறு, தேய்த்த சட்டை, மேசையில் ஒரு தூசி இருக்காது. மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவனை, இவ்வளவு சுத்தமான ஆள் வெயிலில் கிடக்க வேண்டாம் என்று பாஸ்தான் அந்த அறையில் போட்டு சில மாதங்கள் ஆகியிருந்தன. கிடங்கில் எல்லாரையும் சந்தேகப்படுகிற நான், வேலுவைச் சந்தேகப்பட ஒரு காரணமும் கண்டதில்லை. என்னிடம் பொய் சொன்னதே கிடையாது.

அந்த வாரம் அவன் மட்டும் சரியில்லாமல் இருந்தான். வீட்டுக்குப் பின்னால் வாத்துக் குஞ்சுகள் வளர்த்தான், அவை ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. தீனி எடுக்காமல், கால் இழுத்துக்கொண்டு, மறுநாள் காலையில் விறைத்துக் கிடக்குமாம். பக்கத்து வீட்டு டேவிட் அங்கிள்தான் விஷம் வைக்கிறார் என்பது அவன் முடிவு. டேவிட் அங்கிள் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வாத்துச் சத்தம், வாத்து நாற்றம் என்று முன்பே சண்டை. "வேலியில நின்னு கிழிகிழின்னு கிழிச்சிட்டேன் அக்கா. மிச்சம் இருக்கிறதும் செத்தா போலிஸ் ரிப்போட்டுத்தான்" என்று தேநீர் நேரத்தில் கொதித்துக்கொண்டிருப்பான். கேட்ட எல்லாரும் டேவிட் அங்கிளைத்தான் திட்டினார்கள். நானும் "மனுஷன் அப்படிச் செய்யக்கூடியவர்தான்" என்றேன், அவரைப் பார்த்ததே இல்லை.

லேப்போடு பேசி முடித்ததும் நேராகச் சாம்பிள் அறைக்குப் போனேன். வேலு ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு பெரிய தட்டில் கடலையைப் பரப்பி வைத்துப் பொறுக்கிக்கொண்டிருந்தான். சுருங்கியது, நிறம் மாறியது, உடைந்தது, பச்சை பூத்தது எல்லாம் ஒரு பக்கம் சேர்ந்தது. நல்லது எல்லாம் லேப்புக்குப் போகிற பைக்குள் விழுந்தது. பூ கட்டுகிறவர் விரல் மாதிரி அவ்வளவு லாவகம்.

"வேலு, என்னப்பா பண்ற?"

"நாளைக்கு அனுப்ப வேண்டிய வேற சரக்கோட சாம்பிள் அக்கா. எப்பவும் போல கிளீன் பண்றேன்."

"யார் கிளீன் பண்ணச் சொன்னது?"

"யாரும் சொல்லல. நானாத்தான்." அவன் முகத்தில் பெருமை. "முன்னாடி இருந்தவரு அள்ளிப் போட்டு அப்படியே அனுப்பிடுவாரு. எவ்ளோ அசிங்கம்! நம்ம கம்பெனிய என்ன நெனைப்பாங்க லா? வெளியாளுக்கு ஒரு பொருளைக் கொடுத்தா சுத்தம் பண்ணித்தானே கொடுக்கணும்?"

பிள்ளைகளே, இந்த இடத்தில் நீங்கள் சிரிக்கலாம். நம் வீடுகளில் எப்படி? விருந்தாளிக்கு வைக்கிற தட்டில் உடைந்த முறுக்கை வைப்போமா? சாமிக்குப் போடுகிற பூவில் வாடியதை விடுவோமா? அரிசியோ பருப்போ கடலையோ, கல்லும் சொத்தையும் பொறுக்காமல் யார் கையிலும் கொடுத்துப் பழக்கமே இல்லை நமக்கு. வேலு திருட்டுத்தனம் எதுவும் செய்யவில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பகல் வெளிச்சத்தில், மரியாதையாகச் செய்தான். பூஞ்சண நஞ்சு எல்லாக் கடலையிலும் சமமாக இருக்காது. ஒரு பிடிக்குள் ஏதோ ஒன்றிரண்டில்தான் மொத்தமும் குவிந்திருக்கும். அந்த ஒன்றிரண்டைத்தான் அவன் சாம்பிளிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தான். கிடங்கில் அடுக்கியிருந்த மூட்டைகளுக்குள் அதே மாதிரியானவை அப்படியே இருந்தன.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அட பாவி!" என்று கத்திவிட்டேன். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நஞ்சு எப்படிக் குவியும், சாம்பிள் ஏன் அசிங்கமாகவே போக வேண்டும் என்று சொன்னேன். கேட்கக் கேட்க அவன் முகம் கறுத்தது. எழுந்திருக்கும்போதுதான் ஒதுக்கி வைத்திருந்த அந்தக் குவியல் என் கண்ணில் பட்டது.

"இதையெல்லாம் எங்க கொட்டுவ?"

"கொட்டுறதா?" என்றான். "சாப்பாட்டுப் பொருளை எப்படிக்கா கொட்டுறது? வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுவேன். இடிச்சு வாத்துக் குஞ்சுக்கு..."

இந்த நஞ்சுக்கு வாத்துக் குஞ்சுபோல வேறெதுவும் சீக்கிரம் சாகாது. நீங்கள் படித்திருப்பீர்கள். அவன் படித்ததில்லை, ஆனாலும் புரிந்துவிட்டது. "டேவிட் அங்கிள்..." என்று மட்டும் முனகினான்.

என் சந்தேக புத்தி அங்கேயும் நிற்கவில்லை. "வாத்துக்கு மட்டும்தானா?" என்று கேட்டேன். கேட்டிருக்கவே வேண்டாம் என்று இன்றைக்கும் தோன்றும், ஆனால் கேட்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

"ரொம்பக் கெட்டது வாத்துக்கு. கொஞ்சம் பரவால்லாததை ராதா வறுத்து, வெல்லம் போட்டு உருண்டை புடிப்பா. தீபாவளிக்கு வேற..."

"இப்பவே போன் போடு."

அவசரத்தில் இரண்டு தரம் தப்பான இடத்தைத் தட்டினான். அவன் மனைவி ராதா எடுத்ததும் ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். அந்தப் பெண் சந்தோஷமாகப் பேசினாள். "என்னங்க, நல்ல நேரத்துல போன் பண்ணீங்க. நீங்க கத்துறது கத்திட்டுப் போயிடுறீங்க, நாளைக்கும் நாமதானே அவங்க மூஞ்சியில முழிக்கணும்? காலைல ஒரு தட்டு உருண்டை கொண்டுபோய் டேவிட் அங்கிள் வீட்டுல கொடுத்துட்டு வந்தேன். பேரப்பிள்ளை வந்திருக்குதாம், சாப்பிடட்டும்னு."

வேலு போனை மேசையில் வைத்துவிட்டான். விஷம் வைத்தவர் என்று அந்தக் கிழவரை ஊர் கேட்கத் திட்டியவன் வீட்டிலிருந்தே விஷம் தட்டில் போயிருக்கிறது. "அதை இனிமே யாரும் தொடக்கூடாதும்மா, நாங்க வரோம்" என்று நான்தான் ராதாவிடம் சொல்லி வைத்தேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

போகிற வழியில் பாஸ் அறைக்குள் நுழைந்தேன். உட்காரவில்லை.

"லோரி வேணாம் பாஸ். இந்தக் கடலை லோட்டையே நிறுத்துறேன்."

"என்ன சொல்ற நீ? பேப்பர்ல..."

"அந்தப் பேப்பர் வேலு பொறுக்கின கடலைக்கு. ஸ்டோர்ல இருக்கிற மூட்டைக்கு இல்ல." நடந்ததைச் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "கம்போங் மேடான் அக்காவுக்கு என்ன சொல்றது? தீபாவளி நேரத்துல எங்க போய் வாங்குவாங்க? இனிமே நம்மகிட்ட வருவாங்களா?"

"வரமாட்டாங்க."

"சரி, மறுபடி சாம்பிள் எடுத்து, அதுவும் கிளீனா வந்துச்சுன்னா? அப்ப யார் பதில் சொல்றது?"

"நான். என்னை வீட்டுக்கு அனுப்பிடுங்க."

குரல் கணீரென்றுதான் வந்தது. உள்ளே எனக்கு உதறல். நல்ல ரிப்போர்ட் கையில் இருக்கும்போது லோட்டை நிறுத்துகிறவருக்கு ஆதரவாக ஒரு தாளும் பேசாது. அந்த நேரத்தில் உங்களுக்கும் பயமாகத்தான் இருக்கும். பயந்துகொண்டே நிறுத்துங்கள். அவர் பேசி முடிப்பதற்குள் அனுப்பக்கூடாது என்பதற்கான சிவப்பு அட்டையை எடுத்துக்கொண்டு கிடங்குக்குப் போய், என் கையாலேயே மூட்டை அடுக்கில் கட்டிவிட்டு வந்தேன்.

மறு சாம்பிளை அள்ளி அள்ளி, மண்ணோடும் சொத்தையோடும், அப்படியே அரைத்துச் சோதித்தார்கள். முடிவு தெரிந்ததும் லேப்புப் பெண் தானே எனக்குப் போன் போட்டாள். அவ்வளவு கேவலமாக வந்திருந்தது. லோட்டு முழுவதும் அழிக்கப்பட்டது. வேலு அந்த அறைக்கு வந்த பிறகு இறங்கியதில் கிடங்கில் மிச்சம் இருந்த அத்தனையையும் மறுபடி சோதித்தோம். மிட்டாய் அக்கா என்னைப் போனில் வாங்கு வாங்கென்று வாங்கினார், பிறகு எங்களிடம் வரவே இல்லை. அதெல்லாம் பின்னால் நடந்தது. அன்றைக்கு அட்டையைக் கட்டிய கையோடு வேலுவை என் காரில் ஏற்றினேன். அவன் இருந்த நிலைமையில் மோட்டார் சைக்கிளைத் தொட விடவில்லை.

காப்பார் போகிற வழி முழுக்க அவன் ஒரே ஒரு தரம்தான் பேசினான். "என்னன்னு சொல்லி அவரு வீட்டுக் கேட்டைத் தட்டுவேன் அக்கா?"

"உள்ளதைச் சொல்லு" என்றேன். வேறு என்ன சொல்வது?

டேவிட் அங்கிள் தட்டவே விடவில்லை. எங்களைப் பார்த்ததும் கேட்டுக்கு உள்பக்கம் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நல்ல உயரம், வெள்ளை மீசை. "என்னா? போலிசைக் கூட்டியாந்திருக்கியா?" என்று என்னைப் பார்த்துக்கொண்டே அவனிடம் கேட்டார்.

"அங்கிள்" என்றான் வேலு. கம்பியைப் பிடித்துக்கொண்டான். "காலைல ராதா கொடுத்த உருண்டை... அதைச் சாப்பிடாதீங்க அங்கிள். பேரப்பிள்ளைக்குக் கொடுத்துட்டீங்களா? அந்தக் கடலை கெட்டது. வாத்து செத்தது அதாலதான். நீங்க ஒண்ணும் பண்ணல. நான்தான் அங்கிள்."

அவர் அவனையே பார்த்தார். பிறகு ஒரு சிரிப்பு சிரித்தார், அதில் சந்தோஷம் துளியும் இல்லை. "டேய், என்னை விஷம் வச்சவன்னு தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்ன. அந்த வீட்டுலேர்ந்து வர்ற பண்டத்தை என் பேரனுக்கு ஊட்டுவேனா? உன் பொண்டாட்டி மூஞ்சிக்காக வாங்கி வச்சேன். அந்தா இருக்கு பாரு."

செருப்பு வைக்கிற அலமாரி மேல் தட்டு இருந்தது. சுற்றிய பிளாஸ்டிக்கூடப் பிரிக்கவில்லை.

வேலு அழுதுவிட்டான். "தேங்க்ஸ் அங்கிள், தேங்க்ஸ் அங்கிள்" என்று கம்பியில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. சந்தேகத்துக்குக் கும்பிடு போடத் தோன்றியது.

அந்த நேரம் பக்கத்து வீட்டு வாசலுக்கு ராதா வந்தாள். பின்னால் இரண்டு பிள்ளைகள், பள்ளிக்கூடச் சீருடை கூட மாற்றவில்லை. அவள் கையில் பெரிய பிஸ்கட் டின் ஒன்று.

"தொடக்கூடாதுன்னு சொன்னீங்களே, எதைத் தொடக்கூடாது?" என்று கேட்டாள். "நாங்கதான் வாரக் கணக்கா தின்னுக்கிட்டு இருக்கோமே. இவன் ஸ்கூலுக்கும் எடுத்துட்டுப் போறான். இன்னிக்கு வந்ததும் மிச்சத்தைக் காலி பண்ணிட்டாங்க." டின்னைச் சாய்த்துக் காட்டினாள். அடியில் வெல்லத் துணுக்கு ஒட்டியிருந்தது.

டேவிட் அங்கிள்தான் முதலில் நகர்ந்தார். கேட்டைத் திறந்துகொண்டு வெறுங்காலோடு வந்து, சின்னவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "வண்டியை எடுங்கம்மா, கிளினிக்குக்குப் போவோம்" என்றார் என்னிடம்.

டாக்டர் இரத்தம் எடுத்துப் பார்த்தார். இப்போதைக்குக் கல்லீரல் சரியாகத்தான் இருக்கிறது, இனிமேல் கொடுக்காதீர்கள், அவ்வப்போது கூட்டி வாருங்கள் என்றார். வேலு டாக்டரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினான். அவனுக்கு டாக்டரைவிட என் மீதுதான் நம்பிக்கை.

"அக்கா, நீங்க சொல்லுங்க. பெரியவங்களானப்புறம் இவங்களுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

வேலை பார்த்த காலமெல்லாம் எத்தனையோ லோட்டுகளுக்கு நல்லது என்று கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். பிள்ளைகள் இரண்டும் நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. "ஆகாது" என்ற அந்த ஒரு சொல்லை என்னால் சொல்ல முடியவில்லை.